வினாத்தாளும் நாவலும்

இலக்கிய வரலாறு எழுதுவோர் நூல்களையும் நூலாசிரியர்களையும் ஆராய்வர். சிலர் பதிப்பகங்களையும் பத்திரிகைகளையும் ஆராய்வர். ஆனால், வகுப்பறையிலே மாணாக்கருக்கு இடப்படும் கட்டுரை வினாக்களை வரலாற்றுச் சான்றுகளாகக் கொண்டு நோக்குவோர் அரியர். ஒரு நாவலைப்பற்றி மாணாக்கன் எதை எழுதலாம், எதை எழுதலாகாது என்பதை, அவன் பேனாவைத் தொடுவதற்கு முன்னரே, வினாவை வகுத்தவர் பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறார். அவர் எதைக் கேட்கிறார் என்பதிலும் பார்க்க எதைக் கேளாது விடுகிறார் என்பதிலேயே அவருடைய அதிகாரம் கூடுதலாகத் தங்கியுள்ளது.

நவீன நாவல், பின்காலனித்துவ நாவல் என்னும் பெயர்களில் இன்று பல்கலைக்கழகங்களில் நடைபெறும் பாடநெறிகளை நாம் அறிவோம். கொன்ராட்டையும் அச்சிபேயையும் ஒப்பிடுக. குடியேற்ற ஆட்சிக்குட்பட்ட மக்கள் இந்நாவலில் எவ்வாறு பேசுகிறார்கள், அல்லது பேசாதிருக்கிறார்கள் என ஆராய்க. இவ்வகையான கட்டுரை ஒப்படைகள் அங்கே வழக்கமாகிவிட்டன. இவை இயல்பான வினாக்களே என இன்றைய மாணாக்கன் எண்ணலாம். ஆயின், இவ்வினாக்களைக் கேட்கும் உரிமை எளிதிற் கிடைத்ததன்று. அதற்குப் பின்னால் நூற்றாண்டுக்கு மேற்பட்ட ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் சில கட்டங்களை ஈண்டு நோக்குவோம்.

1835ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் திகதி மெக்கோலே எழுதிய கல்விக் குறிப்பு யாவரும் அறிந்ததே. குருதியால் இந்தியராகவும் சுவையாலும் சிந்தையாலும் ஆங்கிலேயராகவும் ஒரு வகுப்பாரை உருவாக்குதல் வேண்டும் என்பது அதன் சாரம். அதே மெக்கோலே தலைமை தாங்கிய இன்னொரு குழுவின் அறிக்கை அவ்வளவு பிரசித்தமானதன்று. எனினும், நமது பொருளுக்கு அதுவே நெருக்கமானது. இந்திய சிவில் சேவைக்குப் போட்டிப் பரீட்சை மூலம் ஆட்களைத் தெரிவுசெய்வதற்கு 1854இல் அக்குழு ஒரு புள்ளித் திட்டத்தை வகுத்தது. மொத்தப் புள்ளிகள் 6875. அவற்றுள் ஆங்கில மொழி, இலக்கியம், வரலாறு ஆகியவற்றுக்கு 1500 புள்ளிகள். கிரேக்கத்துக்கு 750, இலத்தீனுக்கு 750. சமஸ்கிருதத்துக்கு 375, அரபுக்கு 375. இந்தியாவின் வாழும் மொழிகளுக்கு அப்பட்டியலிலே இடமே இருக்கவில்லை. தேர்வில் வென்றவர்கள் அவற்றைப் பின்னர் பழகிக்கொள்ளலாம் எனக் கருதப்பட்டது. கோடிக்கணக்கான மக்களை ஆளச் செல்பவனுக்கு அம்மக்களின் பழைய இலக்கிய மொழியொன்றை அறிந்திருத்தல் ஆங்கில இலக்கியம் அறிந்திருப்பதன் காற்பங்கு பெறுமதியே உடையது என்பதை இவ்வெண்கள் ஐயத்துக்கிடமின்றிக் கூறின.

இங்கு மனங்கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் 1857இல் நிறுவப்பட்டபோது ஆங்கில இலக்கியம் அவற்றில் முக்கிய பாடமாயிற்று. ஆனால், ஒக்ஸ்போர்ட்டில் ஆங்கிலத்துக்கெனத் தனியான சிறப்புப் பாடநெறி 1894இலேயே அமைந்தது. கேம்பிரிட்ஜில் அது 1917வரை காத்திருந்தது. தனது தாயகத்தின் பழம்பெரும் கலாசாலைகளில் தகுதி பெறுவதற்கு முன்னரே, அடிமைப்பட்ட நாடுகளில் ஆங்கில இலக்கியம் பரீட்சைப் பாடமாகிவிட்டது. கௌரி விஸ்வநாதன் 1989இல் வெளியிட்ட ஆய்வு இவ்வுண்மையை விரிவாக நிறுவியது. இலக்கியக் கல்வி ஆட்சியின் ஓர் அங்கமாகவே இந்நாடுகளுக்கு வந்துசேர்ந்தது.

நமது நாட்டிலும் நிலைமை வேறாக இருக்கவில்லை. கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகள் 1880இல் இலங்கையில் நடைபெறத் தொடங்கின. வினாத்தாள் கப்பலிலே வந்தது. விடைத்தாள் கப்பலிலே சென்றது. 1921இல் கொழும்பிலே திறக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரியும் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்களுக்கே மாணாக்கரை ஆயத்தஞ் செய்தது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னரே பட்டமளிக்கும் அதிகாரம் இம்மண்ணுக்கு வந்தது. எனினும், அதிகாரம் கைமாறியவுடன் வினாவின் போக்கும் மாறிவிடும் என எதிர்பார்த்தல் தவறு. பாத்திரப் படைப்பை விளக்குக, நடையழகை ஆராய்க என்றவாறு கேட்கப்படும் வினா நூலை அதன் சமுதாயத்திலிருந்து பிரித்தெடுத்து மேசைமேல் வைத்துப் பார்க்கக் கற்பிக்கிறது. இவ்வகை வினாக்களில் தீங்கேதும் இல்லை; நடையழகை அறியாதவன் இலக்கியத்தை அறியான். ஆனால், இவை மட்டுமே கேட்கப்படும்போது, கரும்புத் தோட்டத்து அடிமையின் உழைப்பிலிருந்து வந்த வருமானத்தில் வாழும் ஒரு குடும்பத்தைப் பற்றிய நாவலிலும் குடும்பம் மாத்திரமே கண்ணுக்குத் தெரிகிறது. கரும்புத் தோட்டம் தெரிவதில்லை. ஜேன் ஒஸ்டினின் 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' 1814இல் வெளிவந்தது. அதிலே வரும் செல்வக் குடும்பத்துக்கு அண்டிகுவாத் தீவிலே சொத்து உண்டு என்ற செய்தி நூலிலேயே இருக்கிறது. அதனைப் பொருட்படுத்தி வாசித்தல் வேண்டும் என எட்வேட் செயித் 1993இல் வற்புறுத்தியபோது அது பலருக்குப் புதுமையாகத் தோன்றியது.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர் பிரித்தானிய ஏகாதிபத்தியம் தனது ஆபிரிக்க நாடுகளிலும் உயர்கல்லூரிகளை அமைத்தது. 1948இல் நைஜீரியாவின் இபாடான் நகரிலே தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி அவற்றுள் ஒன்று. கொழும்புக் கல்லூரியைப் போன்றே அதுவும் இலண்டனின் பட்டங்களுக்கு மாணாக்கரை ஆயத்தஞ் செய்தது. மருத்துவம் கற்பதற்கென அவ்வாண்டிலே அங்கு சேர்ந்து, பின்னர் இலக்கியத்துக்கு மாறிய மாணாக்கரில் ஒருவர் சினுவா அச்சிபே. நைஜீரிய வாழ்க்கையைச் சித்திரிக்கும் சிறந்த நாவல் என்ற முறையில் ஜோய்ஸ் கேரி 1939இல் எழுதிய 'மிஸ்டர் ஜோன்சன்' அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. கேரி வட நைஜீரியாவில் ஆட்சி உத்தியோகத்தராகக் கடமையாற்றியவர். வெள்ளைத் துரையைத் தெய்வமென வழிபட்டு, ஈற்றில் அத்துரையின் கையாலேயே சுடப்பட்டு மடியும் ஓர் ஆபிரிக்க எழுதுவினைஞனே அந்நாவலின் நாயகன். வகுப்பிலிருந்த மாணாக்கர் ஒருவர் எழுந்து, அந்நூலில் தாம் மகிழ்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான், அது ஜோன்சன் சுட்டுக் கொல்லப்படும் இடம் என்று கூறியதாக அச்சிபே பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். ஆங்கில விரிவுரையாளர் திகைத்துப்போனார். கேட்கப்படாத ஒரு வினாவுக்கு அம்மாணாக்கர் விடையளித்துவிட்டார். நூல் நன்றாக எழுதப்பட்டுள்ளதா என்பது ஆசிரியரின் வினா. இது யாருடைய கண்ணுக்குத் தெரியும் நைஜீரியா என்பது மாணாக்கரின் வினா.

அச்சிபேயின் முதல் நாவல் 1958இல் இலண்டனில் வெளியாயிற்று. என். கே. மகாலிங்கத்தின் மொழிபெயர்ப்பிலே 'சிதைவுகள்' என்னும் பெயரில் தமிழ் வாசகரும் அதனை அறிவர். அதன் இறுதிப் பக்கத்தை நினைவுபடுத்திக்கொள்வோம். ஒக்கொங்குவோ என்னும் வீரன் தூக்கிட்டு இறந்துகிடக்கிறான். அங்கு வந்த வெள்ளை மாவட்ட ஆணையாளர், தாம் எழுதவிருக்கும் நூலிலே இவனைப்பற்றி ஓர் அத்தியாயம் இல்லாவிடினும் ஒரு பந்தியாவது எழுதலாம் என எண்ணிக்கொள்கிறார். நாம் இதுவரை வாசித்த முழு நாவலும் அந்தப் பந்திக்குள் அடக்கப்படவிருந்த வாழ்க்கையே. இபாடான் வகுப்பறையில் எழுந்த எதிர்ப்பு இங்கே கலையாகிவிட்டது.

ஆனால், அந்நாவலை வெறும் எதிர்ப்பு நூலாக மட்டும் வாசிப்பது அதனைக் குறைத்து மதிப்பிடுவதாகும். உமுவோபியா என்னும் அவ்வூர் குற்றமற்ற பொற்காலமாகச் சித்திரிக்கப்படவில்லை. இரட்டைக் குழந்தைகள் காட்டிலே எறியப்படுகின்றன. 'ஒசு' எனப்படுவோர் தலைமுறை தலைமுறையாகத் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கிவைக்கப்படுகின்றனர். வெள்ளையரின் புதிய சமயத்துக்கு முதலிற் சென்றவர்கள் யாவர்? குழந்தைகளைப் பறிகொடுத்த தாயும், ஒதுக்கப்பட்ட ஒசுவும், தந்தையின் கொடுமையால் மனம் நொந்த மகனுமே. ஊர் சிதைந்தமைக்கு வெளியிலிருந்து வந்த துப்பாக்கி மாத்திரமே காரணமன்று; உள்ளேயிருந்த அநீதியும் வாயிலைத் திறந்துவிட்டது. ஆலயக் கதவுகளும் தேநீர்க் கடைகளும் மனிதரிற் சிலருக்கு மூடப்பட்டிருந்த யாழ்ப்பாணத்தை அறிந்த வாசகர்களுக்கு இதனை விளக்கவேண்டிய அவசியமில்லை. அந்நியனை எதிர்த்தல், தன் சமுதாயத்தை விமர்சித்தல் ஆகிய இரு கடமைகளையும் ஒரே நூலில் நிறைவேற்றியமையே அச்சிபேயின் பெருமை.

புதிய நூல்கள் தோன்றியமை போதாது. அவை கற்பிக்கப்படவும் வேண்டும். இங்கே சந்தையின் பங்கினையும் நாம் மறந்துவிடலாகாது. 1962இல் இலண்டனின் ஹைன்மன் நிறுவனம் 'ஆபிரிக்க எழுத்தாளர் வரிசை'யைத் தொடங்கியது. வரிசையின் முதலாவது நூல் அச்சிபேயின் நாவல், பதிப்பாலோசகரும் அவரே. விடுதலை பெற்ற நாடுகளின் பாடசாலைகளும் பரீட்சைகளும் உள்நாட்டு நூல்களை நாடும் என்பதை அந்நிறுவனம் உணர்ந்திருந்தது. பாடத்திட்டம் மாறினால் நூல் விலைபோகும். நூல் இருந்தால் பாடத்திட்டம் மாறும். ஆபிரிக்க நாவலின் எழுச்சிக்கு இவ்வரிசை செய்த உதவி பெரிது. எனினும், அச்சகமும் இலாபமும் இலண்டனிலேயே இருந்தன என்பதும், வரிசையிற் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே வாசிக்கப்பட்டன என்பதும் அதே உண்மையின் மறுபக்கம்.

வினாவை மாற்றும் போராட்டம் வெளிப்படையாக வெடித்த இடம் கென்யாவின் நைரோபி. 1968 செப்டெம்பரில் அங்கிருந்த பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆங்கிலத் துறையிலிருந்து கலைப்பீடத்துக்கு ஓர் அறிக்கை சமர்ப்பிக்கப்பட்டது. துறையை வளர்ப்பது, சில புதிய பாடங்களைச் சேர்ப்பது என்பன அதன் நோக்கம். ஒக்டோபர் 24ஆம் திகதி மூவர் அதற்கு மறுப்பு எழுதினர். அவர்கள் அக்காலத்தில் ஜேம்ஸ் கூகி என அறியப்பட்ட கூகி வா தியோங்கோ, ஹென்றி ஓவோர் அன்யும்பா, தாபான் லோ லியோங் ஆகியோர். ஆங்கிலத் துறையைத் திருத்துவதன்று, ஒழிப்பதே தேவை என்பது அவர்கள் வாதம். ஆங்கிலப் பண்பாட்டை நடுவில் வைத்து ஆபிரிக்காவை அதன் ஓரத்தில் ஒட்டவைக்கும் அமைப்பையே அவர்கள் மறுத்தனர். ஆபிரிக்காவை நடுவில் வைப்போம். வாய்மொழி இலக்கியத்திலிருந்து தொடங்குவோம். சுவாஹிலி, ஆங்கிலம், பிரெஞ்சு முதலிய மொழிகளில் எழுந்த எழுத்துக்கும், கரிபியன் தீவுகளிலும் அமெரிக்காவிலும் வாழும் கறுப்பின மக்களின் எழுத்துக்கும் செல்வோம். பின்னர் ஐரோப்பாவையும் கற்போம். இதுவே அவர்களுடைய திட்டம். ஷேக்ஸ்பியரை எரிக்கவேண்டும் என அவர்கள் கூறவில்லை. எங்கிருந்து பார்க்கிறோம் என்பதையே மாற்றவேண்டும் என்றனர். நீண்ட விவாதத்தின் பின் நைரோபியில் ஆங்கிலத் துறை போய் இலக்கியத் துறை வந்தது.

இவ்வெற்றியின் எல்லை எது என்பதை அடுத்த பத்தாண்டு காட்டிற்று. 1977இல் கூகியின் 'இரத்த இதழ்கள்' என்னும் நாவல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. விடுதலைக்குப் பின் அதிகாரத்தைக் கைப்பற்றிய கறுப்பு முதலாளிகளை அது கடுமையாகச் சாடியது. அதற்காக அரசு அவரைச் சிறையிலிடவில்லை. அதே ஆண்டில் அவர் கமிரீத்து என்னும் கிராமத்தின் விவசாயிகளோடும் தொழிலாளரோடும் சேர்ந்து, கூகி வா மிரீயுடன் எழுதிய நாடகத்தைக் கிக்கூயு மொழியிலே மேடையேற்றினார். நாடகம் தடைசெய்யப்பட்டது. டிசெம்பர் 31ஆம் திகதி அவர் கைதாகி, விசாரணையின்றி ஏறத்தாழ ஓராண்டு சிறையிலிருந்தார். பல்கலைக்கழகப் பதவி அவருக்கு மீண்டும் கிடைக்கவில்லை. சிறையிலே மலசலகூடக் காகிதத்தில் அவர் எழுதிய கிக்கூயு நாவலைச் 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' எனத் தமிழிலும் நாம் பெற்றுள்ளோம். 2025இல் மறையும் வரை தாய்மொழி எழுத்துக்காக அவர் வாதாடிவந்தார். விரிவுரை மண்டபத்திலே ஆங்கிலத்தில் கேட்கப்படும் வினாவை ஆளும் வர்க்கம் பொறுத்துக்கொள்ளும். அதே வினாவை உழவன் தன் மொழியிலே கேட்கத் தொடங்கும்போதே அதற்கு அச்சம் பிறக்கிறது. மொழிப் பிரச்சினை எவ்வளவு தூரம் வர்க்கப் பிரச்சினையாகவும் இருக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது கட்டம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. 1975 பெப்ரவரி 18ஆம் திகதி மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், ஜோசப் கொன்ராட்டின் 'இருளின் இதயம்' இனவெறி நூல் என அச்சிபே குற்றஞ்சாட்டினார். 1899இல் சஞ்சிகையொன்றில் வெளிவந்த அக்குறுநாவல், ஆங்கில வகுப்புகளில் நவீனத்துவத்தின் முன்னோடியாகப் போற்றப்பட்டு வந்தது. ஆபிரிக்கா அங்கே ஐரோப்பியனின் மனச்சிதைவுக்கு ஒரு திரைச்சீலையாக மட்டுமே பயன்படுகிறது. ஆபிரிக்கருக்கு முகமும் மொழியும் மறுக்கப்படுகின்றன என்பதே அச்சிபேயின் வாதம். அன்று முதல் இரு நூல்களையும் அருகருகே வைத்து எழுதுக என்ற ஒப்படை உலகெங்கும் பரவியது.

இத்தகைய ஒப்படையைப் பெறும் மாணாக்கன் இலகுவான இரு விடைகளை எழுதக்கூடும். கொன்ராட் மகா கலைஞர், ஆதலின் குற்றமற்றவர் என்பது ஒன்று. கொன்ராட் இனவெறியர், ஆதலின் அவரை வாசிக்க வேண்டியதில்லை என்பது மற்றொன்று. இரண்டும் சிந்தனைச் சோம்பலின் விளைவுகளே. 1885முதல் 1908வரை பெல்ஜிய மன்னன் லியோபோல்டின் சொந்த உடைமையாகக் கொங்கோ கிடந்தது. தந்தத்துக்காகவும் இறப்பருக்காகவும் அந்நாட்டு மக்கள் வதைக்கப்பட்டனர். 1890இல் நீராவிப் படகில் அங்கு சென்ற கொன்ராட் அந்தக் கொள்ளையைக் கண்ணாரக் கண்டார். நாகரிகம் பரப்புகிறோம் என்ற பேச்சின் பொய்ம்மையை அம்பலப்படுத்தினார். அவரும் ருஷ்யப் பேரரசின் கீழ்ப்பட்டிருந்த போலிஷ் மக்களினத்திற் பிறந்தவரே. இவ்வளவும் உண்மை. கொள்ளையைக் கண்டவர் கொள்ளையிடப்பட்டவனை மனிதனாகக் காணவில்லை என்பதும் உண்மை. ஏகாதிபத்தியத்தை வெறுக்கும் ஒருவரின் கற்பனையையும் ஏகாதிபத்தியம் எவ்வாறு ஆட்கொண்டது என்பதே விடை காணவேண்டிய வினா. அதற்கு விடைகாணக் கொங்கோவின் பொருளாதார வரலாற்றையும் கொன்ராட்டின் வாக்கியங்களையும் ஒருங்கே கற்றல் வேண்டும்.

இவ்விடத்தில் நமது நாட்டுக்கு நேரடித் தொடர்புடைய ஒரு நூல் நினைவுக்கு வருகிறது. லெனாட் வூல்ஃப் 1904இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்தில் முதலிற் பணியாற்றி, 1908முதல் 1911வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தார். 1912இல் பதவி துறந்தார். 1913இல் காட்டுக் கிராமமொன்றைப்பற்றிய அவரது நாவல் வெளிவந்தது. அச்சிபேயின் ஆணையாளர் எழுத விரும்பிய பந்திக்குப் பதிலாக, அதேபோன்ற ஆசனத்தில் இருந்த வூல்ஃப் ஒரு வேட்டைக்காரனின் குடும்பத்துக்கு ஒரு முழு நாவலை அளித்தார். சேனைப் பயிர்ச்செய்கைக்கு அனுமதி மறுக்கும் ஊர்த் தலைவனும், கடன் கொடுத்து ஏழைகளைச் சிக்கவைப்பவனும், ஏழைகளுக்கு விளங்காத நீதிமன்றமும் சேர்ந்து சிலிந்துவின் குடும்பத்தை அழிக்கின்றன. அங்கே நீதிபதி கொடியவரல்லர். நியாயம் செய்யவே முயல்கிறார். ஆனால், அவர் முன்னிலையில் உண்மை பேசும் வழி பாபுனுக்குத் தெரியவில்லை. பொய் பேசும் வழி தலைவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆட்சி இயந்திரத்தின் உள்ளிருந்தே அதன் குருட்டுத்தன்மையைக் கண்ட நூல் இது. எனினும், கிராமத்தைக் காடு விழுங்குவதை இயற்கையின் விதிபோலச் சித்திரிக்கும் இடத்தில் வூல்ஃபின் பார்வை நின்றுவிடுகிறது. அவ்விதியை மாற்றக்கூடிய மனிதர் எவரும் அங்கே தோன்றவில்லை. வூல்ஃபின் நீதிபதியையும் அச்சிபேயின் ஆணையாளரையும் ஒப்பிட்டு எழுதும்படி நம் மாணாக்கரைக் கேட்டால் அது பயனுள்ள ஒப்படையாக அமையும்.

வினாவின் எல்லை விரிய விரிய, குரலற்றவர்கள் மேலும் மேலும் வெளிப்படுகின்றனர். டொமினிக்காத் தீவிற் பிறந்த ஜீன் றீஸ் 1966இல் எழுதிய 'அகன்ற சர்காசோக் கடல்' இதற்கோர் உதாரணம். சார்லட் புரொன்டே 1847இல் எழுதிய 'ஜேன் அயர்' நாவலிலே மேல்மாடியில் பூட்டிவைக்கப்பட்ட பித்தேறிய மனைவிக்கு றீஸ் ஒரு வாழ்க்கையையும் குரலையும் வழங்கினார். ஆனால், அம்மனைவி அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தின் மகள். அவளைக் காத்துநின்ற கறுப்பினப் பணிப்பெண் கிறிஸ்தொபீனின் கதை முழுமையாகச் சொல்லப்படாமலே மறைந்துவிடுவதைக் காயத்திரி ஸ்பிவாக் 1985இல் சுட்டிக்காட்டினார்.

இவ்வாறு வளர்ந்த சிந்தனைக்கு 1980களின் இறுதியில் 'பின்காலனித்துவம்' என்னும் பெயர் நிலைத்தது. மேற்கு நாட்டுப் பல்கலைக்கழகங்களில் அது மதிப்புமிக்க துறையாயிற்று. மதிப்போடு ஆபத்தும் வந்தது. 1986இல் பிரெட்றிக் ஜேம்சன், மூன்றாம் உலக இலக்கியங்கள் யாவும் தேசத்தின் உருவகக் கதைகளே எனப் பொதுமைப்படுத்தினார். ஐஜாஸ் அஹமத் அதனை மறுத்தார். 1992இல் வெளிவந்த அவரது நூல், குடியேற்ற நாடு என்ற ஒரே அனுபவத்துக்குள் முதலாளியையும் தொழிலாளியையும், நிலப்பிரபுவையும் கூலியையும் ஒன்றாக அடைத்துவிட முடியாது என வாதிட்டது. ஆங்கிலத்தில் எழுதும் சிலரை மட்டும் வாசித்துவிட்டுக் கண்டங்கள் மூன்றின் இலக்கியத்தையும் அறிந்ததாகக் கூறும் போக்கினையும் அது கண்டித்தது. ஜேம்சனும் மார்க்சியரே, அஹமத்தும் மார்க்சியரே. ஆதலின், கொள்கைப் பெயர் ஒன்று மாத்திரம் ஒருவரைச் சரியான வினாவுக்கு இட்டுச்செல்லாது என்பதையும் இவ்விவாதம் உணர்த்துகிறது.

இந்த எச்சரிக்கை நமக்கு மிகவும் வேண்டியது. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' 1944இல் வந்தது. பழைய நிலவுடைமைக் குடும்பத்தின் வீழ்ச்சியையும் புதிய வணிக வர்க்கத்தின் எழுச்சியையும் அது காட்டியது. கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வந்தது. யாழ்ப்பாணத்துச் சாதி ஒடுக்குமுறையை ஒடுக்கப்பட்டோரின் பக்கத்திலிருந்து அது காட்டியது. வூல்ஃப் ஆங்கிலத் துறையிலும், விக்கிரமசிங்க சிங்களத் துறையிலும், டானியல் தமிழ்த் துறையிலும் தனித்தனியே கற்பிக்கப்படுவார்களாயின், ஒரே நாட்டின் ஒரே நூற்றாண்டு மூன்று பூட்டிய அறைகளுக்குள் பிரிந்து கிடக்கும். ஓர் அறையின் மாணாக்கன் மற்றோர் அறையின் மனிதனை அறியாமலே பட்டம் பெற்று வெளியேறுவான். அந்த அறியாமைக்கு இந்நாடு கொடுத்த விலை என்ன என்பதை இந்நாட்டவருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

எனவே, நாவலைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் தாம் வகுக்கும் வினாவையும் ஒரு முறை பரிசோதித்துப் பார்த்தல் நன்று. இந்நாவலில் உழைப்பவர் யார், உண்பவர் யார்? யாருடைய பேச்சு நேரே வருகிறது, யாருடைய பேச்சு பிறர் வாயாகவே வருகிறது? இது எம்மொழியில் எழுதப்பட்டது, யார் அச்சிட்டார், யார் வாங்கி வாசித்தார்? எழுத்தாளன் காணத் தவறியது எது. அவன் காலத்திலேயே அதனைக் கண்டவர் எவரேனும் உண்டா? இவ்வினாக்களுக்குக் குறிப்புப் புத்தகத்திலே விடை கிடையாது. மாணாக்கன் நூலை மீண்டும் திறந்து, ஊரையும் நாட்டையும் நோக்கி, பிற மொழியின் நூலொன்றையும் தேடி வாசித்தே எழுதவேண்டியிருக்கும். புள்ளியிடுவதும் ஆசிரியருக்கு முன்னரிலும் கடினமாகும். தாம் எதிர்பாராத விடை வரும்போது அதற்கும் புள்ளியிடும் நேர்மை அவருக்கு வேண்டும். இபாடான் வகுப்பறையிலே எழுந்து நின்ற அம்மாணாக்கரின் கூற்று எந்த விடைத் திட்டத்திலும் இருந்திராது. ஆயினும், ஒரு கண்டத்தின் நாவல் இலக்கியம் எழுந்த மனநிலையை அது கூறிற்று. அத்தகைய விடைக்கு இடமளிக்கும் வினாவை வகுப்பதே இன்று நமது ஆசிரியர்முன் உள்ள பணி.